பனியும் படமும்

தமிழில் 'பனி' என்னும் சொல் ஒன்று. அது சுட்டும் பொருள்களோ பல. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. மலைமுகட்டை மறைக்கும் மூட்டமும் பனி. உதகமண்டலத்துப் பள்ளத்தாக்குகளில் தை மாத விடியலில் உப்புப்போல் பூத்துக் கிடப்பதும் பனி. காஷ்மீரத்திலும் கனடாவிலும் கதவை அடைத்துக் குவிவதும் பனியே. வேறுபாடு காட்ட வேண்டிப் பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி என அடைகொடுத்து வழங்குகிறோம். சங்கராபுரத்தில் வாழும் நமக்கு இந்நான்கனுள் முன்னிரண்டே வாய்த்தவை. அவ்விரண்டையும் ஒளிப்படத்தில் அடைக்கக் கற்றுக்கொண்டோர்க்குப் பின்னிரண்டும் எளிதாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தமிழ் பயிற்றும் ஆசிரியர்க்குக் கேமராவோடு என்ன உறவு என நண்பர்கள் வினவுவதுண்டு. அகத்திணை பாடத்தில் முதற்பொருள் நடத்தும்போது, "முன்பனிக் காலம் எப்படி இருக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டார். நூலில் உள்ள விடையைச் சொல்லலாம். மார்கழியும் தையும் எனத் திங்களைச் சொல்லலாம். ஆனால் சாளரத்தைத் திறந்தால் மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அம்மலையையே காட்டிவிட்டால் விளக்கம் எதற்கு? இவ்வெண்ணமே, நாற்பதை நெருங்கிய அகவையில், நம்மைக் கேமராவின்பால் செலுத்தியது.

மேற்கே ஒரு மலை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறே கல்வராயன். அதன் பெரும்பகுதி 2000 முதல் 3000 அடி உயரமுடையது. தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த நம் பகுதி 1993-இல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. மாவட்டத்தின் பெயர் மாறினும் மலை மாறவில்லை. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து வளைந்து வளைந்து ஏறினால் கரியாலூர், அதற்கப்பால் வெள்ளிமலை. பெரியார் அருவியும் மேகம் அருவியும் அம்மலைக்கு அணிகள்.

மலை மேற்கே இருத்தல் படம் எடுப்போர்க்கு ஒரு பெரும்பேறு. சங்கராபுரத்தில் நின்று நோக்குவோர்க்குக் காலைக் கதிர் முதுகின் பின்னிருந்து எழுந்து மலையின் முகத்தில் விழும். அப்போது பாறையின் மடிப்பும் காட்டின் பசுமையும் தெளிவாகப் புலப்படும். மாலையிலோ கதிரவன் மலைக்குப் பின்னே இறங்குவதால் நிறம் மறைந்து வடிவம் மட்டும் கருங்கோடாக எஞ்சும். ஒரே மலைதான்; காலையில் அது பொருள், மாலையில் அது எல்லை. எத்திசையிலிருந்து ஒளி வருகிறது என்று முதலில் நோக்கி, அதன் பின்னரே கேமராவை உயர்த்துதல் தொடக்கநிலையினர் கற்க வேண்டிய முதற்பாடம்.

நிற்க. முன்பனி ஏன் மார்கழி, தை மாதங்களில் வருகிறது? வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். மண்ணில் ஈரம் மிகுந்திருக்கும், வானில் முகில் குறைந்திருக்கும், இரவு நீண்டிருக்கும். முகில் என்னும் போர்வை இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. குளிர்ந்த நிலத்தையொட்டிய ஈரக்காற்று துளியாகிப் புல்லில் படிகிறது. மூட்டமாகிப் பள்ளத்தில் தங்குகிறது. கதிரவன் எழுந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் நிலம் சூடேறியதும் அது கலைந்துவிடும். ஆதலின், முதல்நாள் மழை பெய்து இரவு வானம் தெளிந்து காற்று அடங்கியிருந்தால், மறுநாள் வைகறையில் பள்ளத்தாக்கில் மூடுபனி நிற்க வாய்ப்பு மிகுதி. ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் புறப்படுவோர் அதனைக் காண்பர். காலைச் சிற்றுண்டிக்குப் பின் புறப்படுவோர் வெயிலைக் காண்பர்.

கருவியின் கண்

நம் தமக்கையார் மகன் கனடா நாட்டில் பணிபுரிகிறார். அங்குத் தாம் கண்ட முதற்பனியைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, "மாமா, பனி பால்போல் வெள்ளையாக இருக்கிறது, படத்தில் மட்டும் அடுப்புச் சாம்பல்போல் தெரிகிறதே, ஏன்?" என்று வினவினார். அதே வாரத்தில் நம் மாணவர் ஒருவர் கரியாலூரில் எடுத்து வந்த மூடுபனிப் படமும் மங்கிய சாம்பல் நிறத்திலேயே இருந்தது. கனடாவுக்கும் கரியாலூருக்கும் இடையே கடல்கள் பல உள்ளன. எனினும் இரு படங்களுக்கும் நேர்ந்தது ஒன்றே.

கேமராவினுள் ஒளியை அளக்கும் கருவி உண்டு. தன் முன்னே உள்ளது பனியா, பாறையா, பாலா, கரியா என்பதை அஃது அறியாது. உலகம் சராசரியாகத் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் என்னும் கணக்கின்மீது அது செயற்படுகிறது. அஃது ஒருவகை நடுத்தரச் சாம்பல் நிறம். புதிதாய் விழுந்த வெண்பனியோ 80 விழுக்காட்டுக்கும் மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும். கருவி திகைத்து, 'ஒளி மிகுதி' எனக் கருதிக் குறைத்துவிடுகிறது. வெண்மை சாம்பலாகிறது. கரும்பாறையைக் காட்டினால் 'ஒளி போதாது' எனக் கருதிக் கூட்டிவிடுகிறது. கருமையும் சாம்பலாகிறது.

இதற்கு மாற்று எளிது. ஒளியை இருமடங்காக்குவதைக் கேமராக்காரர்கள் ஒரு 'ஸ்டாப்' என்பர். 18-ஐ ஒருமுறை இரட்டித்தால் 36. மறுமுறை இரட்டித்தால் 72. ஆகவே, வெயில்பட்ட வெண்பனியைப் படமெடுக்கும்போது கருவி சொல்லும் அளவைவிட ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். நம் மலையின் மூடுபனி அத்துணை வெண்மையுடையதன்று. அதற்கு அரை முதல் ஒரு ஸ்டாப் போதும். கேமராவில் கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தான் இதற்கெனவே உள்ளது. செல்பேசி வைத்திருப்போர் திரையில் பனியின்மீது விரலால் தொட்டால் பெரும்பாலான கருவிகளில் ஒரு சிறு கதிரவன் குறி தோன்றும். அதனை மேலே நகர்த்தினால் ஒளி கூடும். அளவுக்கு மீறிக் கூட்டினால் பனியின் மேடுபள்ளம் யாவும் அழிந்து வெற்றுத்தாள்போல் ஆகிவிடும். வெண்மையும் வேண்டும், அதனுள் உள்ள நுண்மையும் வேண்டும். இரண்டும் நிற்கும் இடமே சரியான அளவு.

இவ்விளக்கத்தைக் கற்ற நாளில் நம் நெஞ்சில் வேறொரு படம் எழுந்தது. நம் அத்தா தம்மைப் படமெடுக்க யாரையும் இசைந்தவரல்லர். உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றுள் நாம் ஈண்டுப் புகவில்லை. அத்தா தம் மனத்துக்குப் பட்டதைக் கடைப்பிடித்தார். பிறரைக் குறை கூறியதில்லை. அவர்தம் முகத்துக்குச் சான்றாக வீட்டில் இருப்பது, ஹஜ் பயணக் கடவுச்சீட்டுக்காக எடுத்த படம் ஒன்றே. வெண்தாடி, வெண்சட்டை, பின்னே வெண்திரை. அச்சான படத்திலோ மூன்றும் சாம்பல். படம் பழையதானதால் மங்கியது என்றே நெடுங்காலம் வீட்டார் கருதியிருந்தனர். உண்மை அஃதன்று. ஃபிலிம் காலத்துத் தானியங்கி அச்சுப்பொறிகளும் இதே சராசரிக் கணக்கையே பின்பற்றின. வெண்மை மிகுந்த படத்தை அவை நடுத்தரச் சாம்பலுக்கு இழுத்தன. அத்தாவின் தாடி வெண்பனிபோல் தூயது என்பதை அவரைக் கண்டவர் அறிவர், பொறி அறியாது.

கருவி யாவரையும் சராசரிக்கு இழுக்கும். உள்ளது உள்ளவாறு நிற்கச் செய்வது கருவிக்குப் பின்னே நிற்கும் மனிதரின் கடமை. ஒளிப்படக் கலை நமக்குக் கற்பித்த பாடங்களுள் இதனையே தலையாயதாகக் கொள்கிறோம்.

முதல், கரு, உரி

படம் எடுக்கத் தொடங்குவோர், "எதை எடுப்பது? எப்படி அமைப்பது?" என வினவுவர். தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் முப்பொருளையே அவர்க்கு விடையாகச் சொல்வோம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். படத்துக்கும் அவையே முதல். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுதை ஆறாகப் பகுத்தனர் நம் முன்னோர். ஒளி மாறும் இடங்களே அப்பகுப்பின் எல்லைகளாக அமைந்திருத்தல் காண்க. நண்பகலைப் பாலைக்கு உரியதாக்கினர். தலைக்கு நேர்மேலே நின்று நிழலைக் காலடியில் சுருக்கி, நிறத்தை வெளிறச் செய்யும் அவ்வொளி படத்துக்கும் பாலையே. விடியலிலும் எற்பாட்டிலும் ஒளி சாய்ந்து வருகிறது, நிழல் நீள்கிறது, மலையின் மேடுபள்ளம் உயிர் பெறுகிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதாக வகுக்கப்பட்டதன் நயம், தை மாதத்தில் கரியாலூர் சென்று நிற்போர்க்கு உரையாசிரியர் துணையின்றியே விளங்கும்.

கருப்பொருள் அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, புள், உணவு, தொழில் முதலியன. மூடுபனியை மட்டும் படமெடுத்தால் வெறும் வெண்மையே மிஞ்சும்; அது எந்த ஊர்ப் பனி என்று யார் அறிவார்? பனிக்கு முன்னே ஒரு கடுக்காய் மரம் கருத்து நிற்கட்டும். சாமைக் கொல்லையின் வேலி நிற்கட்டும். மரவள்ளிச் செடியின் இலை நிற்கட்டும். அண்மையில் கருமை, அதனையடுத்து மங்கல், அதற்கப்பால் அதனினும் மங்கல் என அடுக்கடுக்காகச் செல்லும்போதே பனியின் ஆழம் கண்ணுக்குப் புலனாகும்.

உரிப்பொருள் உணர்வு. அதனைக் கருவி தாராது. மாணவர் நாற்பது படம் எடுத்து வந்தால், "இவற்றுள் எதை எடுக்கும்போது கொஞ்ச நேரம் நின்றாய்?" என்று கேட்போம். அவர் காட்டும் படம் பெரும்பாலும் நல்ல படமாகவே இருக்கும்.

துளியினுள் மலை

பனித்துளியைப் படமெடுப்போர் கதிரவனைத் துளிக்குப் பின்னே வைத்தல் வேண்டும். எதிரொளியில் துளி விளக்குப்போல் சுடரும். மிக அண்மையில் எடுக்கும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் விரலளவும் இராது. ஆகவே லென்சின் துளையை எஃப் 8 அல்லது எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, கேமராவை முக்காலியில் நிறுத்துதல் நன்று. கூர்ந்து நோக்கினால் துளியினுள் மலை தலைகீழாகத் தொங்குவதைக் காணலாம். துளியே ஒரு லென்ஸ்.

இவ்வுண்மையை ஆராய்ந்தோர் வரிசையில் இருவர் பெயரை நம் மாணவர் அறிதல் வேண்டும். பஸ்ராவில் ஏறத்தாழ 965-இல் பிறந்து கெய்ரோவில் ஏறத்தாழ 1040-இல் மறைந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்னும் பழங்கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது எனத் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவினார். கிரகணத்தின்போது சிறுதுளை வழியே புகும் ஒளி சூரியனின் பிறைவடிவைக் காட்டுவதையும் ஆராய்ந்தார். ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலக ஒளி ஆண்டாக அறிவித்த 2015-இல் உலகம் அவரை நினைவுகூர்ந்தது. அவர்தம் நூலுக்கு உரைவளம் கண்ட பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி, நீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகக் கொண்டு வானவில்லின் தோற்றத்தை விளக்கினார். அவர் மறைந்தது ஏறத்தாழ 1319-இல். கரியாலூர்ப் புல்நுனியில் நாம் காணும் துளியும் அக்கோளமும் ஒன்றே.

பனிநாடு செல்வோர்க்கு

நம் மாணவருள் பலர் பிற்காலத்தில் கடல் கடந்து செல்கின்றனர். வெண்பனி நாட்டில் அவர்க்கு இரு குறிப்புகள் உதவும். கடுங்குளிரில் பேட்டரி விரைந்து ஆற்றல் இழக்கும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உட்பையில் உடற்சூட்டோடு வைத்திருத்தல் வேண்டும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கேமராவைக் கொண்டுவந்தால் அதன்மேலும் உள்ளும் ஈரம் படியும். வெளியிலேயே காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறத்தல் வேண்டும். நம் ஊரிலோ இது தலைகீழாக நிகழும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வியர்ப்பதைக் காணலாம். இயற்பியல் ஒன்றே, இடம்தான் வேறு.

வெண்பனியின் நிழல் படத்தில் நீலமாகத் தெரிவதும் பிழையன்று. கதிரொளி படாத அவ்விடத்துக்கு ஒளி தருவது நீலவானமே. அந்நீலம் சிறிது இருத்தலே குளிரை உணர்த்தும்.

அருவியைப் படமெடுப்போர்க்கும் ஒன்று சொல்வோம். பெரியார் அருவி நூலிழைபோல் வழிய வேண்டுமாயின் ஷட்டர் கால் நொடி முதல் ஒரு நொடி வரை திறந்திருக்க வேண்டும். முக்காலி இன்றி அது கைகூடாது. கையில் பிடித்தே எடுப்பதாயின் லென்சின் நீளத்தை நினைவில் கொள்க: 200 மில்லிமீட்டர் லென்சுக்கு 1/200 நொடியினும் மெதுவாகச் செல்லாமை நன்று.

வழிகாட்டிகள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்த வில்சன் பென்ட்லி, 1885 ஜனவரி 15 அன்று, தம் பத்தொன்பதாம் வயதில், நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். 1931-இல் மறையும் வரை 5000-க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் படமாக்கினார். அவர் பனியைத் தேடி எங்கும் செல்லவில்லை. தம் பண்ணையில் விழுந்ததையே எடுத்தார்.

நம் நாட்டில் சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர் 1866-இல், கண்ணாடித் தகடுகளையும் மருந்துப்புட்டிகளையும் சுமையாட்களின் தோளில் ஏற்றி, இமயத்தில் 18,000 அடிக்கு மேற்பட்ட மணிரங் கணவாயில் படமெடுத்தார். இன்று செல்பேசியில் ஒரு நொடியில் முடிவது அன்று ஒரு படையெடுப்பாக இருந்தது.

தமிழகத்துக்கு மா. கிருஷ்ணன் வாய்த்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனாக 1912-இல் பிறந்து, 1996-இல் மறைந்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் வாழ்நாள் இறுதிவரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பத்மஸ்ரீ விருது பெற்றார். விலையுயர்ந்த கருவி அவரை உருவாக்கவில்லை. காட்டில் காத்திருந்த பொறுமையே உருவாக்கிற்று.

மலையும் மக்களும்

இவ்வளவும் கூறியபின் ஒன்றைக் கூறாமல் விடுவது முறையன்று. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் மாவட்டத்தின் பெயரோடு அன்று உலகெங்கும் சென்றவை பாடைகளின் படங்கள். கல்வராயன் மலையின் பெயரோடு சென்றவை ஊறல் பானைகளின் படங்கள். அவை பொய்யான படங்கள் அல்ல, எடுக்கப்பட வேண்டியவையே. அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் அம்மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. ஆயினும் ஒரு மலைக்கு அவை மட்டுமே முகமாகிவிடலாமா?

மலையூரிலிருந்து வந்து நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அந்நாளில் சொன்னார்: "சார், எந்த ஊருன்னு கேக்கறாங்க, கல்வராயன் மலைன்னு சொன்னதும் சாராயமான்னு சிரிக்கறாங்க. அதனால கள்ளக்குறிச்சின்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் அதையேதான் கேக்கறாங்க." அவர்க்கு என்ன ஆறுதல் சொல்வது? "உன் மலையை நீயே எடுத்துக் காட்டு" என்றோம்.

அவர் எடுத்து வந்தவற்றுள் ஒன்றில், விடியற்காலை மூடுபனி முன்னே அவர்தம் பாட்டியார் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வெண்பனி பின்னே இருக்க முன்னே நிற்கும் கரிய முகத்தைக் கருவி இன்னும் இருளச் செய்துவிடும், நிழலுருவாக்கிவிடும். மாணவர் ஒரு ஸ்டாப் கூட்டியிருந்தார். பாட்டியாரின் முகச்சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. முறத்திலிருந்து எழுந்த உமி பனியோடு கலந்திருந்தது. "கேட்டுத்தான் எடுத்தியா?" என்றோம். "கேட்டேன் சார். எடுத்துக்க, எனக்கும் ஒண்ணு குடுன்னு சொல்லிச்சு" என்றார். அச்சிட்டுக் கொடுத்திருந்தார். ஆயாவுக்கு அதுவே வாழ்நாளின் முதற்படமாம்.

சுற்றுலாவாக மலையேறுவோர் பலர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. மலைமக்களை மரத்தையும் பாறையையும்போல் கருதிப் படமெடுத்துச் செல்கின்றனர். பிறர் முகம் நம் கையில் இருக்கும் ஓர் அமானிதம். இசைவு பெற்றே எடுத்தல் வேண்டும். எடுத்ததை அவர்க்கும் கொடுத்தல் வேண்டும். வேண்டாம் என்பாரை விட்டுவிடல் வேண்டும். படத்தை மறுத்த ஒருவரின் மகனாக வளர்ந்தமையால் இம்மூன்றாவதன் அருமையை நாம் நன்கு அறிவோம்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, புதுக் கருவி வாங்கும்வரை காத்திராதீர். கையிலுள்ள செல்பேசி போதும். உங்கள் ஊரில் ஓரிடத்தைத் தேர்ந்துகொள்க: ஒரு மரம், ஒரு கிணற்றடி, மலை தெரியும் ஒரு மொட்டைமாடி. மார்கழி தொடங்கித் தை முடிய, வாரம் ஒருமுறை, அதே இடத்தில் நின்று, அதே பொழுதில் ஒரு படம் எடுங்கள். ஒளி வந்த திசையையும் கூட்டிய அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டு திங்களில் எட்டோ ஒன்பதோ படங்கள் சேரும். அவற்றை வரிசையாக வைத்து நோக்கினால் முன்பனி என்பது எது என்று எவரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிராது. அவற்றைத் துறைக்குக் கொண்டு வாருங்கள். அகத்திணை வகுப்பில் அவற்றையே பாடமாக வைப்போம்.